1903 லண்டன் சமூகவியல் சங்கம்: தோற்றுப்போன சங்கம் என்று எழுதிவிடலாமா?

#1 வைகைக்கரை
வணக்கம். மதுரைப் பக்கம் ஒரு கல்லூரியில் சமூகவியல் பாடம் எடுக்கிறேன். முதலாண்டில் காம்ட், ஸ்பென்சர், துர்கைம், வெபர் என்று பெயர்கள் வரிசையாக வரும். ஆனால் இப்படி ஒரு படிப்பு உருவாக யார் கடிதம் போட்டு ஆள் சேர்த்தார்கள், யார் பணம் கொடுத்தார்கள், யார் யாரோடு சண்டை போட்டார்கள் என்பது பாடப்புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லை. இந்த வருடம் அதையும் சொல்லித்தர ஆசை. அதற்காக நான் எடுத்துக்கொண்டது 1903-ல் லண்டனில் தொடங்கிய சமூகவியல் சங்கம்.

ஓடியாடி அதைக் கட்டியவர் விக்டர் பிரான்ஃபோர்ட். பேராசிரியர் கிடையாது, கணக்காளர். தென் அமெரிக்க ரயில் கம்பெனிகளின் நிதி விவகாரம் பார்த்துச் சம்பாதித்தவர். எடின்பரோவின் பேட்ரிக் கெடிஸை வாழ்நாள் முழுக்க குருவாக நினைத்தவர். கெடிஸ் அடிப்படையில் தாவரவியல்காரர், டண்டீயில் தாவரவியல் பேராசிரியர். சங்கத்தின் முதல் தலைவர் ஜேம்ஸ் பிரைஸ், அன்றைய பெரிய அரசியல்வாதி.

அப்போதைய நிலைமையைப் பாருங்கள். பிரான்ஸில் துர்கைம் 1887 முதலே போர்தோவில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். பாரிஸில் ரெனே வோம்ஸ் 1893-லேயே சர்வதேச சமூகவியல் கழகத்தைத் தொடங்கிவிட்டார். சிகாகோவில் 1892 முதல் துறையே இருந்தது. இங்கிலாந்தில் ஸ்பென்சர் இருந்தார், உலகமே அவரைப் படித்தது. ஆனால் நாட்டில் ஒரு பல்கலைக்கழகத்திலும் சமூகவியலுக்கு ஒரு நாற்காலி, அதாவது பேராசிரியர் பதவி, கிடையாது. அந்த ஸ்பென்சரும் 1903 டிசம்பர் 8 அன்று காலமானார். சங்கம் பிறந்ததும் அதே வருடம்.

உள்ளே மூன்று கூட்டம். மனித இனத்தின் 'தரத்தை' பரம்பரை வழியாக உயர்த்தலாம் என்ற பிரான்சிஸ் கால்டன் தரப்பு. மனிதனின் ஒழுக்கமும் பகுத்தறிவும் வளர்வதே சமூக வளர்ச்சி என்ற எல். டி. ஹாப்ஹவுஸ் தரப்பு. மூன்றாவது கெடிஸும் பிரான்ஃபோர்டும்: ஊரை எடுத்துக்கொள், தெருத்தெருவாக நடந்து பார், இடம், தொழில், மக்கள் மூன்றையும் சேர்த்துப் படி, அப்புறம் திட்டம் போடு என்றவர்கள்.

1907-ல் மார்ட்டின் வைட் என்ற டண்டீ செல்வந்தர் லண்டன் பொருளாதாரப் பள்ளியில் சமூகவியலுக்குப் பணம் கொடுத்தார். டண்டீயில் கெடிஸின் தாவரவியல் இருக்கைக்குப் பணம் தந்தவரும் இவரேதான். ஆனாலும் சமூகவியல் இடம் ஹாப்ஹவுஸுக்கும் பின்லாந்து அறிஞர் வெஸ்டர்மார்க்குக்கும் போனது. 1908-ல் சங்கம் தொடங்கிய 'சோசியலாஜிகல் ரிவ்யூ' இதழுக்கு ஹாப்ஹவுஸ்தான் ஆசிரியர். சில வருடங்களில் அவரும் விலகினார். சங்கம் 1920-ல் பெல்கிரேவ் சாலையில் லெ பிளே இல்லம் என்ற வீட்டுக்குக் குடிபோனது. 1930-ல் வேறொரு கழகமாக உருமாறியது. 1955-ல் அதுவும் முடிந்தது.

இதை வைத்துத்தான் 'தோற்றுப்போன சங்கம்' என்று எழுதுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. லண்டனில் இருந்து பார்த்தால் தோல்விதான். மதுரையில் இருந்து, பம்பாயில் இருந்து பார்த்தால் வேறு கணக்கு வருகிறது. உங்கள் கருத்தைக் கேட்க ஆசை.

#2 பழையதாள்
நல்ல இழை, ஐயா. நான் நூலகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவன். சங்கத்தின் முதல் மூன்று வருடக் கூட்டங்கள் 'சோசியலாஜிகல் பேப்பர்ஸ்' என்று 1905 முதல் 1907 வரை மூன்று தொகுதியாக வந்தன. முதல் தொகுதி கையில் கிடைத்த நாளில் மதியச் சாப்பாட்டையே மறந்தேன்.

அதில் பிரான்ஃபோர்ட் 'சோசியாலஜி' என்ற சொல்லைப் பற்றியே ஒரு குறிப்பு எழுதுகிறார். பாதி லத்தீன், பாதி கிரேக்கம், இப்படி ஒட்டுப்போட்ட சொல்லை எப்படி ஏற்பது என்று படித்தவர்கள் முகம் சுளித்த காலம். ஒரு சங்கம் தன் பெயரில் இருக்கும் சொல்லுக்கே வக்காலத்து வாங்க வேண்டியிருந்தது என்றால், இந்தப் படிப்பு எவ்வளவு புதிது என்று மாணவர்களுக்குப் புரியும். வகுப்பில் இதிலிருந்து தொடங்குங்கள் என்பது என் யோசனை.

அதே தொகுதியில் துர்கைமின் கட்டுரை இருக்கிறது. ஆதி நாகரிகத்தில் பெண்ணின் நிலை பற்றி வெஸ்டர்மார்க் எழுதியது இருக்கிறது. 1904 ஜூலை 18 அன்று கெடிஸ் வாசித்த 'சிவிக்ஸ்' (நகரியல்) கட்டுரையும் இருக்கிறது. அந்தக் கூட்டத்துக்குத் தலைமை சார்ல்ஸ் பூத். லண்டனின் வறுமையைத் தெருத்தெருவாக வண்ணம் தீட்டி வரைபடமாக்கிய அதே பூத். கேட்டுவிட்டுப் பேசியவர்களில் ஒருவர் எபனீசர் ஹோவர்ட், தோட்ட நகரம் என்ற யோசனையைக் கொண்டுவந்தவர். ஒரே அறையில் இவர்கள்!

கெடிஸ் அந்தக் கட்டுரையில் ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கை மலையிலிருந்து கடல் வரை குறுக்குவெட்டாகப் பார்க்கச் சொல்கிறார். மேலே சுரங்கக்காரன், மரம்வெட்டி, வேட்டைக்காரன், இறங்க இறங்க மேய்ப்பன், உழவன், கடைசியில் மீனவன். ஒவ்வொரு தொழிலும் ஒவ்வொரு வகைக் குடும்பத்தையும் ஊரையும் உண்டாக்குகிறது. கீழே இருக்கும் நகரம் இவை எல்லாம் கலந்து நிற்கும் இடம். குறிஞ்சியில் தொடங்கி நெய்தலில் முடியும் திணைப் பகுப்பைப் படித்து வளர்ந்த நமக்கு இதைப் படிக்கும்போது ஏற்படும் சிலிர்ப்பு, அந்த அறையில் இருந்த ஆங்கிலேயருக்கு ஏற்பட்டிருக்காது. அவர் நம் திணையைப் படித்து எழுதினார் என்று யாரும் கதை கட்ட வேண்டாம். அவருக்கு அது பிரெஞ்சு அறிஞர் லெ பிளே வழியாக வந்தது. இரண்டும் தனித்தனியே பிறந்தவை என்பதுதான் எனக்குப் பெரிய விஷயம்.

#3 கறுப்புமை
எல்லாரும் கெடிஸைக் கொண்டாடுவதற்கு முன்னால் 1904 மே 16 பற்றிப் பேசிவிடுவோம்.

அன்று இதே சங்கத்தின் மேடையில், லண்டன் பொருளாதாரப் பள்ளியில், 82 வயது கால்டன் 'யூஜெனிக்ஸ்' என்றால் என்ன, அதன் நோக்கம் என்ன என்று கட்டுரை வாசித்தார். தலைமை புள்ளியியலாளர் கார்ல் பியர்சன். நல்ல குடும்பத்தார் அதிகம் பெற வேண்டும், மற்றவர்கள் குறைய வேண்டும் என்பதை ஓர் அறிவியலாக, சொல்லப்போனால் ஒரு புது மதமாகவே முன்வைத்தார். பெர்னார்ட் ஷா ஆதரித்து எழுதி அனுப்பினார். எச். ஜி. வெல்ஸ் கால்டனை மறுப்பது போல எழுந்து, சிறந்தவர்களைத் தேர்ந்தெடுப்பதில் பயனில்லை, 'தோற்றவர்களுக்கு' பிள்ளை பிறக்காமல் செய்வதில்தான் வழி இருக்கிறது என்று பேசினார். படித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

மூன்று வருடத்தில், 1907-ல், யூஜெனிக்ஸ் கல்விச் சங்கம் தனியாகத் தொடங்கிவிட்டது. 1912-ல் லண்டனிலேயே அதற்கு உலக மாநாடு. பல நாடுகளில் ஆயிரக்கணக்கான ஏழைப் பெண்களின் கருப்பையில் கை வைத்த சட்டங்களுக்கு இந்தப் பேச்சுதான் மரியாதை வாங்கிக் கொடுத்தது. ஒரு சங்கம் 'எல்லாக் கருத்துக்கும் இடம்' என்று மேடை போட்டால், அந்த மேடையில் ஏறியவருக்கு அந்தப் பெருமை ஒட்டிக்கொள்ளும். கெடிஸும் இதை எதிர்த்து வெளியேறவில்லை.

எனவே தோற்றதா ஜெயித்ததா என்பது என் கேள்வி இல்லை. இந்தச் சங்கத்தின் பிள்ளைகளில் மிக வேகமாக வளர்ந்த பிள்ளை எது? அதை மாணவர்களிடம் மறைக்காதீர்கள்.

#4 வைகைக்கரை
மறைக்க மாட்டேன், தோழர். நீங்கள் சொன்னது முழுக்க உண்மை. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன்: அதே கூட்டத்தில் மனநல மருத்துவர் ஹென்றி மாட்ஸ்லி எழுந்து ஷேக்ஸ்பியரைக் காட்டிக் கேட்டார். அதே தாய், அதே தகப்பன், அதே ரத்தம். கூடப் பிறந்தவர்கள் ஏன் ஷேக்ஸ்பியராகவில்லை? பரம்பரையைப் பற்றி நமக்குத் தெரிந்தது இவ்வளவு குறைவாக இருக்கும்போது யாரை யார் பெறுவது என்று எப்படி முடிவு செய்வீர்கள் என்பதுதான் அதன் சாரம். ஹாப்ஹவுஸும் 1911-ல் வந்த தன் நூலில் இந்தப் போக்கை எதிர்த்தே எழுதினார்.

மேடை தந்தார்கள், சரி. ஆனால் எதிர்ப்பையும் சேர்த்தே அச்சிட்டார்கள். வெல்ஸின் அந்த வாக்கியம் இன்று நமக்குக் கிடைப்பதே அதனால்தான்.

#5 எழும்பூர்வாசி
சென்னை பற்றி யாரும் சொல்லவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

சங்கத்தில் நகரங்களுக்கென்று ஒரு குழு இருந்தது. அந்த வட்டத்தில் வளர்ந்த வேலைதான் கெடிஸின் நகரக் கண்காட்சி: வரைபடம், படம், பழைய அச்சு ஓவியம், பல ஊர்களின் அமைப்பு என்று ஒரு பெரிய குவியல். 1910-ல் லண்டன், 1911-ல் செல்சியில் கிராஸ்பி மண்டபம், எடின்பரோ, டப்ளின், 1913-ல் பெல்ஜியத்தின் கெண்ட் நகரம் என்று சுற்றி வந்தது. அப்போது சென்னை மாகாண ஆளுநராக இருந்த பென்ட்லண்ட் பிரபு, அவரும் ஸ்காட்லாந்துக்காரர், கெடிஸை இங்கே அழைத்தார்.

1914. கெடிஸ் ஒரு கப்பலில், கண்காட்சிப் பெட்டிகள் 'கிளான் கிராண்ட்' என்ற சரக்குக் கப்பலில். போர் தொடங்கிவிட்டது. செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்த அதே ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன், அக்டோபரில் மினிக்காய் பக்கம் கிளான் கிராண்டைப் பிடித்து மூழ்கடித்தது. பல வருடம் சேர்த்த அத்தனை வரைபடமும் அரபிக்கடலுக்குள் போயிற்று.

நம் ஊரில் கெட்டிக்காரத்தனமாகக் காரியம் சாதிப்பவரை 'எம்டன்டா' என்கிறோம். என் தாத்தா வாயில் அந்தச் சொல்லைக் கேட்டு வளர்ந்தவன் நான். அந்தக் கப்பல் சமூகவியல் வரலாற்றிலும் ஒரு ஓட்டை போட்டுவிட்டுப் போனது என்று தெரிந்தபோது கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை.

ஆனால் கெடிஸ் ஊருக்குத் திரும்பவில்லை. பிரிட்டனில் இருந்த நண்பர்கள் கையில் கிடைத்ததைத் திரட்டி மறுபடி அனுப்பினார்கள். 1915 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழக செனட் இல்லத்தில் கண்காட்சி திறந்தது. நண்பர்களின் வலைதான் அதை மீட்டது. ஒரு அறிவுச் சங்கத்தால் என்ன பயன் என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

கடற்கரைச் சாலையில் போகும்போது செனட் இல்லத்தை ஒரு தடவை நின்று பாருங்கள்.

#6 மருதம்
அண்ணே, அருமை. நான் கட்டுமானப் பொறியியல் படித்து ஒரு நகராட்சி வேலைகளில் ஒப்பந்தப் பொறியாளராக இருக்கிறேன். ஊர் பெயர் வேண்டாம்.

கெடிஸ் மதுரை, தஞ்சாவூர், பல்லாரி என்று மாகாணத்து ஊர்களைப் பார்த்து 1915-ல் அறிக்கை கொடுத்தார். தஞ்சைக் கோட்டைப் பகுதி பற்றி அவர் எழுதியதை எங்கள் பேராசிரியர் ஒருவர் படிக்கக் கொடுத்தார். நெரிசலான தெருக்களுக்கு நடுவே நேர்கோட்டில் அகலமான சாலை வெட்டுவதுதான் அதிகாரிகளின் திட்டம். கெடிஸ் வீடு வீடாகப் பார்த்தார். இடிந்து கிடக்கும் வீடு எது, ஆள் இருக்கும் வீடு எது, மரம் எங்கே, கிணறு எங்கே. பாழடைந்த சில வீடுகளை மட்டும் எடுத்தால் போதும், அந்த இடங்களைச் சின்னத் திறந்தவெளியாக்கி மரம் வைக்கலாம், சந்தின் வளைவு இருந்துவிட்டுப் போகட்டும் என்றார். செலவு பல மடங்கு குறைவு. தெருவில் நிறுத்தப்படும் குடும்பங்களும் குறைவு. இதற்கு அவர் மருத்துவர் பாஷையில் ஒரு பெயர் வைத்தார். உறுப்பை வெட்டி எறியாமல் காப்பாற்றும் அறுவை என்று சொல்லலாம். மருந்துக்கு முன் நோயறி என்பதும் அவர் திரும்பத் திரும்பச் சொன்னது.

இது எனக்கு ஏன் உறைக்கிறது என்றால், போன வருடம் நாங்கள் ஒரு தெருவில் மழைநீர் வடிகால் போட்டோம். ட்ரோன் விட்டு மட்டம் எடுத்தோம், கணினியில் சரிவு பார்த்தோம். வேலை முடிந்த முதல் மழையிலேயே தண்ணீர் எதிர்த்து வந்தது. மூலைவீட்டுப் பாட்டி திண்ணையில் உட்கார்ந்தபடியே சொன்னார்: 'தம்பி, இந்தத் தண்ணி எப்பவும் ஊருணிக்குத்தானே போகும்? நீங்க ரோட்டுப் பக்கம் திருப்பிட்டீங்களே.' அந்தப் பாட்டியிடம் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அவர் வீட்டுத் தூணில் ஒரு கரிக்கோடு இருக்கிறது. எந்த வருடம் தண்ணீர் எந்த உயரம் வந்தது என்று அவர் மாமனார் போட்டது. எங்கள் கோப்பில் அப்படி ஒரு அளவு இல்லை.

#7 பம்பாய்த்தமிழ்
மருதம் தம்பி, அந்தக் கரிக்கோட்டைப் படம் எடுத்து வையுங்கள்.

நான் பம்பாயில் படித்தவன். வைகைக்கரை சொன்ன 'வேறு கணக்கு' பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 1919-ல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியலும் நகரியலும் சேர்ந்த துறை தொடங்கியபோது கெடிஸ்தான் முதல் பேராசிரியர். 1924 வரை இருந்தார். லண்டனில் கிடைக்காத சமூகவியல் நாற்காலி இங்கே கிடைத்தது. அப்போது அவருக்கு வயது அறுபத்தைந்து. வகுப்பில் அவர் பேசுவது பாதி தாடிக்குள்ளேயே போய்விடும் என்பார்கள். தாளைக் கட்டம் கட்டமாக மடித்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சொல் எழுதி, அதை வைத்து யோசிப்பது அவர் வழக்கம். இளவயதில் மெக்சிகோவில் கண் பார்வை கொஞ்ச நாள் போய், இருட்டறையில் கிடந்தபோது ஜன்னல் சட்டத்தின் கட்டங்களைக் கையால் தடவித் தடவி அந்தப் பழக்கம் வந்ததாம்.

அவர் தேர்ந்தெடுத்து இங்கிலாந்துக்கு அனுப்பிய மாணவர் ஜி. எஸ். குரியே, சமஸ்கிருதம் படித்தவர். முதலில் ஹாப்ஹவுஸிடம் போனார், ஒட்டவில்லை. கேம்பிரிட்ஜில் மானிடவியலாளர் ரிவர்ஸிடம் போய்ச் சேர்ந்தார். லண்டன் சண்டையில் ஜெயித்த ஹாப்ஹவுஸிடம், தோற்ற கெடிஸின் மாணவர் தங்கவில்லை என்பது எனக்கு எப்போதும் யோசிக்க வைக்கும் விஷயம். 1924-ல் திரும்பி வந்து குரியே துறைக்குப் பொறுப்பேற்றார். எம். என். சீனிவாஸ் உட்பட ஒரு தலைமுறையே அவரிடம் படித்தது. 1951-ல் அவர் முன்னின்று இந்திய சமூகவியல் சங்கம் பிறந்தது; அடுத்த வருடம் அதன் இதழ் 'சோசியலாஜிகல் புல்லட்டின்'. பிரிட்டனில் இன்று இருக்கும் சமூகவியல் சங்கமும் அதே 1951-ல் தொடங்கியதுதான். 1903-லேயே தொடங்கிய நாட்டின் இன்றைய சங்கத்துக்கும் நம் சங்கத்துக்கும் ஒரே வயது!

இன்னொரு ஆளையும் சொல்ல வேண்டும். பழையதாள் ஐயா சொன்ன அதே முதல் தொகுதியில் ஹெரால்ட் மான் என்பவர் இங்கிலாந்தின் ஒரு விவசாயக் கிராமத்தில் வீடு வீடாக வறுமையைக் கணக்கெடுத்து எழுதியிருக்கிறார். யார்க் நகரத்துக்கு ரவுண்ட்ரீ செய்ததை ஒரு சின்னக் கிராமத்துக்குச் செய்தார். அவரே பிறகு பூனா வேளாண் கல்லூரியின் முதல்வர். 1917-ல் பிம்ப்ளே சௌதாகர் என்ற தக்காணக் கிராமத்தைப் பற்றிப் புத்தகம் போட்டார்: நிலம் எப்படித் துண்டு துண்டாகிறது, கடன் எவ்வளவு, ஒரு குடும்பம் எதைத் தின்று வாழ்கிறது. இப்போது அங்கே அடுக்குமாடிகள்தான். நான் அந்தப் பக்கம் வாடகைக்கு இருந்திருக்கிறேன், அப்போது இது தெரியாது.

#8 கறுப்புமை
குரியே பற்றிச் சொன்னதால் என் பக்கத்திலிருந்தும் ஒன்று. ஆங்கிலேய அதிகாரி ரிஸ்லி மூக்கின் அகலத்தை அளந்து சாதியின் உயரத்தைச் சொல்லலாம் என்றார். 1932-ல் குரியே அந்த அளவுகளையே எடுத்துப் பார்த்து, வட இந்தியாவின் ஒரு பகுதி தவிர மற்ற இடங்களில், சென்னை மாகாணம் உட்பட, அந்தக் கணக்கு நிற்கவில்லை என்று காட்டினார். அளவு நாடாவை வைத்து மனிதனைத் தரம் பிரித்த கூட்டத்துக்கு, கெடிஸ் அனுப்பிய மாணவர் அவர்கள் அளவை வைத்தே பதில் சொன்னார்.

இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் குரியே வட இந்தியாவுக்கு அந்தப் பேச்சை முழுக்கக் கைவிடவில்லை. அதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

#9 பழையதாள்
சரியான திருத்தம், தோழர். அப்புறம், நம் பக்கத்தில் இன்னொரு ஓடையும் இருக்கிறது. கில்பர்ட் ஸ்லேட்டர் 1915 கடைசியில் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு முதல் பொருளாதாரப் பேராசிரியராக வந்தார். விடுமுறையில் மாணவர்களைச் சொந்த ஊருக்கே கேள்வித்தாளோடு அனுப்பினார். இருவேல்பட்டு, கங்கைகொண்டான், பாலக்குறிச்சி, வடமலைபுரம் ஆகிய ஊர்களின் கணக்கு 1918-ல் புத்தகமாயிற்று. இருபது வருடம் கழித்து அதே ஊர்களுக்கு மறுபடி போனார்கள், அதற்குப் பிறகும் போனார்கள். அது பொருளாதாரத் துறையின் வேலை, லண்டன் சங்கத்தின் கணக்கில் சேர்க்க மாட்டேன். ஆனால் போய்ப் பார், கேள், எழுது என்ற காற்று அப்போது எல்லாப் பக்கமும் வீசியது.

வைகைக்கரை ஐயா, உங்கள் மாணவர் யாராவது அந்த ஊர்க்காரராக இருக்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள்.

#10 எழும்பூர்வாசி
ஒரு வருத்தமான சங்கதியையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் கெடிஸ் வந்தார், ஊர் திருந்தியது என்று ஆகிவிடும்.

இந்திய ஊர்களில் குளத்தைத் தூர்க்காதீர்கள் என்று கெடிஸ் திரும்பத் திரும்ப எழுதினார். கொசு வருகிறதா, மீனையும் வாத்தையும் விடுங்கள். குளம் வெயிலைத் தணிக்கும், வெள்ளத்தை வாங்கிக்கொள்ளும் என்றார். 1920-ல் சென்னை மாகாண நகரமைப்புச் சட்டம் வந்தது. அதன் கீழ் நடந்த முதல் பெரிய வேலைகளில் ஒன்று, மாம்பலத்து நீள ஏரியை வடித்துவிட்டு தியாகராய நகரைக் கட்டியது! நகரத்தைத் திட்டமிட வேண்டும் என்ற அவர் சொல் எடுபட்டது. எப்படி என்ற சொல்லைக் காற்றில் விட்டுவிட்டார்கள். 2015 டிசம்பரில் எங்கள் உறவினர் வீட்டில், தி. நகருக்குப் பக்கத்தில்தான், கட்டில் மேல் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

#11 வைகைக்கரை
இது என் வாதத்துக்கு எதிரானது, அதனாலேயே முக்கியம். ஏற்றுக்கொள்கிறேன், ஐயா. 'மதுரையில் இருந்து பார்த்தால் வேறு கணக்கு' என்று நான் எழுதியது அவசரம். ஒரு பழக்கம் இங்கே வந்து வேர் பிடித்தது என்று மட்டும் சொல்லலாம். அதுவும் வகுப்பறையில்தான் பிடித்தது, நகராட்சியில் பிடிக்கவில்லை.

கெடிஸுக்கு ஒரு முறையாவது அது நிஜத்தில் கைகூடியது இந்தூரில். ஊரில் பிளேக். தீபாவளி ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போகும் என்பது பெரிய கௌரவம். கெடிஸ் மகாராஜாவிடம் பேசி, எந்தத் தெருவில் வீடுகளை அதிகம் சுத்தம் செய்து பழுது பார்த்திருக்கிறார்களோ அந்தத் தெரு வழியாகவே ஊர்வலம் என்று அறிவித்தார். வண்டி வண்டியாகக் குப்பை வெளியேறியது. ஊர்வலத்தில் பெரிய எலியும் கொசுவும் செய்து இழுத்துப்போனார்கள். மாசி வீதியில் தேர் வரும் என்றால் முதல் நாளே சாணம் தெளித்துக் கோலம் போடும் ஊரில் வளர்ந்தவன் நான். அந்த மனிதருக்கு அது எப்படிப் புரிந்தது என்று ஆச்சரியமாக இருக்கிறது. உபதேசம் பண்ணாமல், ஊரிலேயே இருக்கும் ஆசையைக் கண்டுபிடித்தார்.

#12 மருதம்
அடுத்த வாரம் எங்களுக்கு இன்னொரு தெரு வேலை வருகிறது. பத்தடி அகலச் சந்து ஒன்றை இருபதடியாக்க வேண்டும் என்று கோரிக்கை. வரைபடம் போடுவதற்கு முன்னால் நாளைக் காலை நடந்துவிட்டு வந்து இங்கே எழுதுகிறேன்.

#13 பம்பாய்த்தமிழ்
எழுதுங்கள் தம்பி. தொழிலையும் கேளுங்கள், வீட்டை மட்டும் எண்ணாதீர்கள். இடம், தொழில், மக்கள்.

#14 மருதம்
போய்விட்டு வந்தேன். காலை ஆறு மணி முதல் எட்டரை வரை.

மொத்தம் 41 கதவு எண். ஆள் இல்லாத வீடு 6. அதில் 3 கூரை விழுந்தவை, மூன்றும் சந்தின் வடக்குப் பக்கம் ஒட்டி ஒட்டி இருக்கின்றன. வேப்பமரம் 2, முருங்கை 5. இட்லி சுட்டு விற்பவர் 2 பேர், இருவரும் பெண்கள், இருவரின் அடுப்பும் திண்ணையில்தான். தையல் மிஷின் சத்தம் 4 வீட்டில். திண்ணை போனால் இந்த ஆறு வீட்டு வருமானமும் அதோடு போகும். இது எங்கள் மதிப்பீட்டில் எந்தக் கட்டத்திலும் வராது. அந்த மூன்று வீட்டுக்காரர்களின் வாரிசுகள் சம்மதித்தால் தண்ணீர் லாரி திரும்ப அந்த இடமே போதும், மற்ற 38 வாசலைத் தொட வேண்டியதில்லை. மேலே பேசிப் பார்க்கிறேன், ஒத்துக்கொள்வார்களா தெரியவில்லை.

கிணறு 1. கல் பலகை போட்டு மூடியிருக்கிறது.

#15 வைகைக்கரை
தம்பி, அந்தக் கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா? யார் மூடியது என்று கேட்டீர்களா?

#16 மருதம்
கேட்டேன் ஐயா. குழாய் வந்த வருடம் மூடினார்களாம். பலகை மேல் ஒரு அம்மா வடாம் காயப்போட்டிருந்தார். ஒரு ஓரத்தைத் தூக்கிக் காட்டினார், பதினைந்தடியில் தண்ணீர் நிற்கிறது.